பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் இணைப்பைப் போட்டிச் சட்டத்தின்படி ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று மற்றொன்றை வாங்கப்போவதாக அறிவித்தபின், அது போட்டியைக் குலைக்குமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்ட மாணவர், வணிகச் செய்தியாளர், கொள்கை ஆய்வாளர் ஆகியோருக்கு நோக்கம் வேறாக இருக்கலாம். செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

புதியவர்களின் வரைவுகளைத் தொடர்ந்து படித்துத் திருத்தியதில் ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. அவர்களுடைய பிழைகள் சட்டம் தெரியாததால் வருவது குறைவு. வரிசை மாறுவதால் வருவதே அதிகம். கொள்முதல் விலையைக் கண்டு மலைத்து, சந்தைப் பங்கைக் கணக்கிட்டு, அதற்குப் பிறகே யாருக்கு என்ன தீங்கு என்று தேடத் தொடங்குகிறார்கள். தீங்கு இன்னதென்று தெரியாமல் எந்தச் சந்தையை அளப்பது என்று முடிவு செய்யவே முடியாது. ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

நிறுவனங்கள் வெளியிட்ட அறிவிப்பு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பிடம் தாக்கல் செய்த இணைப்பு ஒப்பந்தம், இரு நிறுவனங்களின் கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகள் ஆகியவை முதலில் வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் ஒப்பந்தம் காலாவதியாகும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருக்கும் என்று நிறுவனங்களே கணித்திருந்தன என்பதை இவை காட்டும். வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்க முயன்ற அடோபி, 2023 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டபோது 100 கோடி டாலர் செலுத்தியது இத்தகைய விதியின்படிதான்.

அடுத்து, ஆராயப்போகும் நாட்டின் இணைப்பு வழிகாட்டு நெறிகளையும் அந்நாட்டு அமைப்பு எழுதிய பழைய முடிவுகளில் ஒன்றையாவது முழுமையாகவும் படியுங்கள். செய்திச் சுருக்கம் போதாது. சுருக்கத்தில் முடிவு மட்டுமே இருக்கும். எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தரப்பட்டது என்பது முழு ஆவணத்தில்தான் இருக்கும்.

2. உண்மையில் கைமாறுவது எது என்று எழுதுங்கள்

பங்குகள், சொத்துகள், காப்புரிமைகள், ஊழியர்கள், தரவு, உரிமங்கள் ஆகியவற்றுள் எவை கைமாறுகின்றன என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் பெயரை நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் இன்ஃப்ளெக்‌ஷன் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் நிறுவனர்களுள் இருவரையும் பெரும்பாலான ஊழியர்களையும் மைக்ரோசாஃப்ட் பணிக்கு அமர்த்தியதோடு, தொழில்நுட்பத்துக்கான உரிமத்தையும் பெற்றது. நிறுவனம் வாங்கப்படவில்லை. ஆனாலும் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதைத் தன் ஆய்வு வரம்புக்குள் வரும் இணைப்பாகவே கருதி ஆராய்ந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் போட்டிக்குத் தீங்கில்லை என்று அனுமதித்தது.

கூட்டாண்மை, சிறுபான்மைப் பங்கு, ஆள்சேர்ப்பு என்று எந்தப் பெயர் இருந்தாலும், ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவுகளில் இன்னொன்றின் கை ஓங்குகிறதா என்பதே கேள்வி.

3. எந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்று பாருங்கள்

இதைத் தள்ளிப்போட்டவர்கள், பத்துப் பக்கம் எழுதியபின் தாங்கள் பயன்படுத்திய சட்ட அளவுகோல் பொருந்தாது என்று கண்டு திரும்ப எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளேட்டன் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, போட்டி கணிசமாகக் குறையக்கூடுமா என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஒழுங்குவிதி, செயல்திறன்மிக்க போட்டிக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு வருமா என்று கேட்கிறது. இந்தியச் சட்டம் போட்டியின்மீது கணிசமான பாதகமான விளைவு உண்டா என்று கேட்கிறது. சொற்கள் நெருக்கமானவை, அவற்றைச் சுற்றி வளர்ந்த தீர்ப்புகள் வேறு.

எந்த இணைப்பை முன்கூட்டியே ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்கு விற்றுமுதலை (ஆண்டு விற்பனை வருவாயை) வைத்து வரம்பு நிர்ணயிக்கும் பழைய முறை தொழில்நுட்பத் துறையில் ஓட்டை நிறைந்தது. பல கோடிப் பயனர்கள் இருந்தும் வருவாயே இல்லாத நிறுவனம் அதில் சிக்காது. 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க அறிவித்தபோது, ஐரோப்பிய விற்றுமுதல் வரம்பு எட்டப்படவில்லை. பல உறுப்பு நாடுகளில் தனித்தனியாக ஆய்வுக்கு உட்பட வேண்டியிருந்ததால், நிறுவனமே கேட்டுக்கொண்டு ஐரோப்பிய ஆணையத்திடம் சென்றது. இந்த ஓட்டையை அடைக்கவே ஜெர்மனி 2017-இல் 40 கோடி யூரோ என்றும், இந்தியா 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாய் என்றும் ஒப்பந்த மதிப்பு வரம்பைச் சேர்த்தன. உள்நாட்டில் ஓரளவு செயல்பாடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இவற்றோடு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே அடிக்கடி காணும் பிழை, முன்னறிவிப்புத் தேவையில்லை என்றால் ஆய்வும் இல்லை என்று முடிவு கட்டுவது. அமெரிக்காவில் முன்னறிவிப்பு வரம்புக்கு உட்படாத இணைப்பையும், முடிந்துபோன இணைப்பையும் எதிர்த்து வழக்குத் தொடரலாம். பிரிட்டனில் முன்னறிவிப்பு பொதுவாகக் கட்டாயமே இல்லை. எனினும் மெட்டா (அப்போது ஃபேஸ்புக்) அசைபடத் தளமான ஜிஃபியை 2020-இல் வாங்கி முடித்துவிட்ட கொள்முதலை ஆராய்ந்து, ஜிஃபியை விற்றுவிடுமாறு அந்நாட்டு ஆணையம் உத்தரவிட்டது.

4. கால அட்டவணையைத் தயாரியுங்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரிசை ஒதுக்கித் தேதிகளை எழுதுங்கள். அமெரிக்காவில் தாக்கலுக்குப் பின் பொதுவாக 30 நாள் காத்திருப்பு. கூடுதல் தகவல் கேட்கும் இரண்டாவது கோரிக்கை வந்தால், அதை நிறுவனங்கள் நிறைவேற்றியபின் மேலும் 30 நாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதற்கட்டம் 25 வேலைநாள், இரண்டாம் கட்டம் 90 வேலைநாள், இரண்டும் நீட்டிக்கத்தக்கவை. பிரிட்டனில் முதற்கட்டம் 40 வேலைநாள், இரண்டாம் கட்டம் 24 வாரம். இந்தியாவில் மொத்த வரம்பு 150 நாள்.

நாள்காட்டி நாளையும் வேலைநாளையும் குழப்பிக்கொள்வது சிறு பிழை. பெரிய பிழை, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கணக்கிடுவது. முழுமையான மனு ஏற்கப்பட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்கு முந்தைய பேச்சுவார்த்தை பல மாதங்கள் நீளலாம். தகவல் தராவிட்டால் கடிகாரம் நிற்கவும் செய்யும்.

அட்டவணையிலேயே இன்னொரு செய்தியையும் பதியுங்கள்: இறுதி முடிவு யாருடையது? ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டன் ஆணையமும் தாமே தடை விதிக்கலாம், மேல்முறையீடு பிறகு. அமெரிக்காவிலோ ஃபெடரல் வர்த்தக ஆணையமும் நீதித்துறையும் இணைப்பைத் தடுத்து நிறுத்த நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டும். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்குக் கணினி விளையாட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டை வாங்க முயன்றபோது, 2023 ஏப்ரலில் பிரிட்டன் தடுத்தது, மே மாதத்தில் ஐரோப்பிய ஆணையம் நிபந்தனையுடன் அனுமதித்தது, ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடையை மறுத்தது. ஒரே இணைப்புக்கு மூன்று விடைகள் வந்ததைக் கண்டு குழம்புகிறவர்கள், பெரும்பாலும் இந்த நடைமுறை வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள்தான்.

5. இணைப்பு நடக்காவிட்டால் என்ன ஆகும்?

நிறுவனங்கள் தனித்தனியே இருக்கும் எதிர்காலத்தை முதலில் விவரியுங்கள். இணைந்த எதிர்காலத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது இதிலிருந்துதான் தெரியும். இன்றைய நிலை அப்படியே நீடிக்கும் என்று எழுதுவது வழக்கமான பிழை. வேகமாக மாறும் துறையில் இன்றைய நிலை எதிர்காலத்துக்குச் சான்றாகாது.

கைவிடப்பட்ட மூன்று இணைப்புகளின் பின்கதை இதைக் காட்டும். சில்லு வடிவமைப்பு நிறுவனமான ஆர்மை வாங்கும் திட்டத்திலிருந்து 2022 பிப்ரவரியில் என்விடியா பின்வாங்கியபின், ஆர்ம் தனித்தே வளர்ந்து 2023 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஃபிக்மா 2025 ஜூலையில் வந்தது. துப்புரவு ரோபோ தயாரிக்கும் ஐரோபோட்டின் நிலை வேறு: 2024 ஜனவரியில் அமேசான் விலகிய அன்றே தன் ஊழியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்த அந்நிறுவனம், 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னால் நடந்ததை வைத்து, அமேசானுக்கு எதிரான ஆய்வே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கப்படும் நிறுவனத்தின் கையிருப்புப் பணம், கடன், விற்பனைப் போக்கு ஆகியவற்றை இந்தப் படியிலேயே பார்க்காத அறிக்கை அரைகுறையானது என்று உறுதியாகச் சொல்வேன்.

நிறுவனம் மூழ்கப்போகிறது என்று வாங்குபவர் கூறினால், அதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். வேறு வாங்குபவர் உண்மையிலேயே இல்லையா, தேடிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

6. தீங்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான். பாதி நேரத்தை இங்கே செலவிட்டாலும் தகும். யார், எந்த வழியில், யாருக்கு, என்ன தீங்கு செய்ய முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். "இந்நிறுவனம் மேலும் பெரிதாகிவிடும்" என்பது தீங்கல்ல. அது வெறும் விவரிப்பு. "தரவு குவியும்" என்பதும் போதாது. குவிந்த தரவு எந்தப் போட்டியாளருக்கு எந்தச் சந்தையில் எட்டாமல் போகும் என்று சொல்ல வேண்டும்.

முதலில் இரு நிறுவனங்களுக்கிடையிலான உறவைக் கண்டறியுங்கள். இருவரும் ஒரே பொருளை விற்றால், அவர்களுக்கிடையே இருந்த நேரடிப் போட்டி மறைவதே கேள்வி. ஒருவர் மற்றவருக்கு வேண்டிய உள்ளீட்டையோ விற்பனைத் தளத்தையோ வைத்திருந்தால், போட்டியாளருக்கு வழியடைப்பதே கேள்வி. என்விடியா–ஆர்ம் விவகாரத்தில் கவலை இவ்வகைப்பட்டது: சில்லு வடிவமைப்பாளர் பலரும் ஆர்மின் உரிமத்தை நம்பியிருக்க, அவர்களுடைய போட்டியாளரே உரிமம் வழங்குபவராக மாறுவார். அமேசான்–ஐரோபோட்டில், தன் சொந்தத் துப்புரவு ரோபோவுக்குச் சாதகமாகப் பிற தயாரிப்புகளைத் தளத்தில் பின்தள்ளலாம் என்று ஐரோப்பிய ஆணையம் அஞ்சியது.

வழியடைப்பை வாதிடும்போது மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியே விடை எழுதுங்கள். அவ்வாறு செய்ய நிறுவனத்தால் முடியுமா? செய்வதால் அதற்கு ஆதாயம் உண்டா? செய்தால் போட்டி உண்மையில் குறையுமா? புதியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குக் கணக்கு வேண்டும். ஆக்டிவிஷனின் புகழ்பெற்ற விளையாட்டான கால் ஆஃப் டியூட்டியை சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனுக்குத் தராமல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிடும் என்று பிரிட்டன் ஆணையம் முதலில் கருதியது. புதிய தரவைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது, நிறுத்தினால் இழக்கும் விற்பனை ஆதாயத்தைவிட அதிகம் என்று தெரிந்ததால், 2023 மார்ச்சில் அந்தக் கவலையைக் கைவிட்டது. கிளவுட் விளையாட்டு (தொலைவிலுள்ள கணினியில் ஓடி இணையம் வழி வரும் விளையாட்டு) குறித்த கவலை மட்டும் எஞ்சியது. தடைக்கு அதுவே காரணமாயிற்று. ஒரே இணைப்பில் ஒரு தீங்கு உதிர்ந்து இன்னொன்று நிலைப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் முடிவு அரிது, முழுமையாகப் படியுங்கள்.

மூன்றாவது வகைதான் தொழில்நுட்பத் துறையில் கடினமானது: இன்று போட்டியாளர் இல்லை, நாளை ஆகக்கூடியவர். இங்கே இரண்டு திசைகளிலும் பாருங்கள். வாங்கப்படுபவர் வளர்ந்து வாங்குபவரை எதிர்த்திருக்கலாம். அல்லது வாங்குபவர் தாமே சொந்தமாக அந்தத் துறையில் இறங்கியிருக்கலாம். இரண்டாவது திசையைப் பலர் மறக்கிறார்கள். மெட்டா நிறுவனம் வித்தின் என்னும் மெய்நிகர் உடற்பயிற்சிச் செயலி நிறுவனத்தை வாங்கியபோது அமெரிக்க ஆணையம் வாதிட்டது இதையே. 2023 தொடக்கத்தில் நீதிமன்றம் ஆணையம் வகுத்த சந்தையை ஏற்றுக்கொண்டும், மெட்டா தானாக நுழைந்திருக்கும் என்பதற்கான சான்று போதாது என்று கூறித் தடை மறுத்தது. ஆகவே நுழைவுக்கான திட்டம், ஆட்கள், பணம், முன்மாதிரி ஆகியவற்றுள் எது ஆவணத்தில் இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், இந்த வாதத்தை வலுக்குறைந்தது என்று நீங்களே குறித்துவிடுங்கள்.

7. இப்போது சந்தையை வரையறுங்கள்

விலையைச் சிறிதளவு, ஆனால் நிலையாக, 5 முதல் 10 விழுக்காடு உயர்த்தினால் வாடிக்கையாளர்கள் எங்கே போவார்கள் என்பது வழக்கமான சோதனை. விலையே இல்லாத சேவையில் இது வேலை செய்யாது; பூஜ்யத்தில் 5 விழுக்காடு பூஜ்யமே. அங்கே தரம் குறைந்தால், விளம்பரம் கூடினால், தனியுரிமை தேய்ந்தால் பயனர் எங்கே மாறுவார் என்று கேளுங்கள். தளம் ஒன்று பயனர், விளம்பரதாரர், செயலி எழுதுவோர் என்று பல தரப்பை இணைத்தால், ஒவ்வொரு தரப்பையும் பிரித்துப் பாருங்கள்.

விரும்பிய விடை வரும்வரை சந்தையைச் சுருக்குவதும் விரிப்பதும் நேர்மையற்றது மட்டுமன்று, நிலைக்கவும் செய்யாது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கொள்முதல்களை எதிர்த்து 2020 டிசம்பரில் தொடரப்பட்ட வழக்கில், அமெரிக்க ஆணையம் தனிப்பட்ட சமூக வலைத்தளச் சேவை என்று குறுகிய சந்தையை முன்வைத்தது. 2025 நவம்பரில் நீதிமன்றம் டிக்டாக், யூடியூப் ஆகியவற்றையும் போட்டியாளராகக் கருதி, மெட்டாவுக்கு இன்று ஏகபோகம் இருப்பது நிறுவப்படவில்லை என்று தீர்த்தது. எனவே ஒரு குறுகிய வரையறையையும் ஓர் அகன்ற வரையறையையும் எழுதி, முடிவு இரண்டிலும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டுமே நின்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

8. செறிவைக் கணக்கிடுங்கள்

சந்தை எந்த அளவுக்குச் சில நிறுவனங்களின் கையில் குவிந்திருக்கிறது என்பதே செறிவு. அதை அளக்கும் ஹெர்ஃபிந்தால்–ஹிர்ஷ்மன் குறியீடு எளியது: ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு விழுக்காட்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். பங்குகள் 40, 30, 20, 10 என்றால் 1,600 + 900 + 400 + 100 = 3,000. கடைசி இரண்டும் இணைந்தால் உயர்வு, அவற்றின் பெருக்குத்தொகையின் இருமடங்கு: 2 × 20 × 10 = 400. அமெரிக்காவின் 2023 வழிகாட்டு நெறிகளின்படி, இணைப்புக்குப் பின் குறியீடு 1,800-க்கு மேலும் உயர்வு 100-க்கு மேலும் இருந்தால் போட்டிக்குத் தீங்கு என்று முதல்நோக்கில் கருதப்படும். நிறுவனங்கள் அதை மறுத்துக் காட்டலாம்.

எதன் பங்கு என்பதைக் குறிப்பிடாத கணக்குக்கு மதிப்பில்லை. வருவாய், பயனர் எண்ணிக்கை, செலவிட்ட நேரம் என ஒவ்வொன்றும் வேறு விடை தரும். நேரடிப் போட்டியாளர் அல்லாத நிறுவனங்களின் இணைப்பில் இக்குறியீடு நகராது. அதனால் தீங்கில்லை என்று பொருளல்ல.

9. சான்றுகளுக்கு எடை போடுங்கள்

ஒப்பந்தப் பேச்சு தொடங்குமுன் நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட மின்னஞ்சல், இயக்குநர் குழுக் குறிப்பு ஆகியவற்றுக்கு முதலிடம். ஆய்வு வரும் என்று தெரிந்தபின் எழுதப்பட்டவை கவனமாகச் செதுக்கப்பட்டவையாக இருக்கும். போட்டியாளரின் புகாரைப் படிக்கும்போது அவருடைய நலனையும் நினைவில் வையுங்கள்: இணைப்பால் விலை உயரும் என்றால் போட்டியாளர் மகிழவே செய்வார், அவர் அஞ்சினால், வழியடைப்பு காரணமா, அல்லது கடுமையான போட்டி வரும் என்ற பயமா என்று பிரித்தறிய வேண்டும். வாடிக்கையாளரின் சாட்சியம் இதைவிடத் தூயது.

நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூற்றையும் சோதியுங்கள். பயனர் கணக்குகளைத் தானாகப் பொருத்திப் பார்ப்பது நம்பகமாக இயலாது என்று 2014-இல் கூறிய ஃபேஸ்புக்குக்கு, அந்த வாய்ப்பு அப்போதே இருந்தது என்று கண்டறிந்த ஐரோப்பிய ஆணையம் 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. முடியாது என்று சொல்லப்படும் எதையும், இன்று முடியாதா, என்றுமே முடியாதா என்று கேளுங்கள்.

10. நன்மை வாதத்தைக் கேளுங்கள்

செலவு குறையும், சேவை மேம்படும் என்பார்கள். அந்த நன்மை இணைப்பின்றிக் கிடைக்காதா, சரிபார்க்கத்தக்கதா, நுகர்வோரைச் சேருமா என்ற மூன்றையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனங்களுடையது. உரிம ஒப்பந்தம் ஒன்றாலேயே அதே பயன் கிடைக்கும் என்றால் வாதம் அங்கேயே முடிந்தது.

11. நிபந்தனையைத் தீங்கோடு பொருத்திப் பாருங்கள்

ஆறாம் படியில் எழுதிய வாக்கியத்தை மேலே வைத்து, முன்மொழியப்பட்ட நிபந்தனையை அதன் கீழே எழுதுங்கள். பொருந்தாதது உடனே தெரியும். ஆக்டிவிஷன் விவகாரத்தில் பிரிட்டனின் கவலை கிளவுட் விளையாட்டு பற்றியது; ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷன் விளையாட்டுகளைக் கிளவுட் வழி ஒளிபரப்பும் உரிமைகள் மற்றொரு விளையாட்டு நிறுவனமான யூபிசாஃப்டுக்கு மாற்றப்பட்டபின், 2023 அக்டோபர் 13 அன்று அது அனுமதித்தது. அதே கவலைக்கு ஐரோப்பிய ஆணையம் பத்தாண்டு இலவச உரிம உறுதிமொழியை ஏற்றது. முன்னது கட்டமைப்பை மாற்றும் தீர்வு, பின்னது நடத்தையைக் கட்டுப்படுத்தும் தீர்வு. எனக்கு முன்னதன்மீதே நம்பிக்கை அதிகம். நடத்தை உறுதிமொழியை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும், தொழில்நுட்பமோ அதற்குள் உருமாறிவிடும்.

தாமதத்தின் விலையையும் கணக்கில் கொள்ளுங்கள். முடிந்துபோன இணைப்பைப் பிரிப்பது முட்டையைக் கலக்கியபின் கருவைப் பிரித்தெடுப்பது போன்றது. மெட்டா 2023-இல் ஜிஃபியை ஷட்டர்ஸ்டாக்குக்கு விற்றபோது கிடைத்தது 5.3 கோடி டாலர் மட்டுமே.

12. முடிவுக்குப் பின்னும் கோப்பை மூடாதீர்கள்

உறுதிமொழி எந்தத் தேதியில் முடிகிறது, நீட்டிக்க வழியுண்டா, கண்காணிப்பாளர் யார் என்று அறிக்கையின் இறுதிப் பக்கத்தில் எழுதுங்கள். ஃபிட்பிட் பயனர்களின் உடல்நலத் தரவை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் தன் விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2020 டிசம்பரில் தந்த உறுதிமொழி பத்தாண்டுக்கானது. தேவை என்று கருதினால் அதை மேலும் பத்தாண்டு வரை ஆணையம் நீட்டிக்கலாம். அந்த முடிவை ஆராயப்போகிறவருக்கு முதலில் வேண்டியது, இணைப்பு நடந்த நாளில் ஒருவர் எழுதிவைத்த தீங்கு வாக்கியமும் அன்றைய சந்தை நிலவரமும்தான். அவ்விரண்டையும் தேதியிட்டுத் தனியே சேமித்து வையுங்கள்.